ஐந்து நாள் கெடு

மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு: 'அஞ்சு நாள்'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சீழோ சதைத் துணுக்கோ வந்தால், கிருமிக்குத் தீனியான திரவம் நிரப்பிய குழாயில் போட்டு, இளஞ்சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரில் வைப்பார். ஐந்து நாள் பார்ப்பார். ஒன்றும் வராவிட்டால் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிட்டுக் குழாயைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவார். ஆறாம் நாள் எழுந்து வருகிற கிருமிக்கு அவரிடம் மரியாதை கிடையாது. அது தோலில் சும்மா குடியிருக்கிற சோம்பேறிக் கிருமி, எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்பது அவர் கட்சி.

இருபத்திரண்டு வருடங்களாக அவருடைய குழாய்களை வேறு யாரும் தொட்டதில்லை. தொட்ட இரண்டொருவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அவருடைய அக்கா புருஷன் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் நொறுங்கிப்போய், செயற்கை மூட்டு வைத்தார்கள். காயம் அழகாக ஆறியது. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை. வலி மட்டும் போகவில்லை. எட்டாம் மாதம் மூட்டிலிருந்து நீர் எடுத்து அனுப்பினார்கள். 'அஞ்சு நாள்' வழக்கப்படி ஐந்து நாள் பார்த்தார். 'வளர்ச்சி இல்லை' என்று எழுதினார்.

அந்தத் தாள் வீட்டுக்குப் போனதும் அத்தானின் வலிக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போயிற்று.

"என் தம்பியே பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கான். இவருக்கு உக்காந்து ருசி கண்டுபோச்சு" என்று அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கை பழகட்டும் என்று அவருடைய தண்ணீர் டம்ளரை ஃப்ரிட்ஜை ஒட்டிய மேல்தட்டில் வைத்தாள். வலது கையை உயர்த்தினால்தான் அது எட்டும். அத்தான் முதுகைச் சுவரில் தேய்த்து, உடம்பை முறுக்கி, எப்படியோ இடது கையால் எடுத்துக் குடிப்பார். அதையும் அக்கா நடிப்புக் கணக்கில் சேர்த்தாள். தம்பி இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

எலும்பு டாக்டருக்கு மனம் ஆறவில்லை. தோளைச் சின்னதாகத் திறந்து ஐந்து துணுக்குகள் எடுத்தார். இந்த முறையும் ஒன்றும் இல்லையென்றால் இனிமேல் கத்தியை எடுக்க மாட்டேன், வலியோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்று அத்தானிடம் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை ஐந்து குழாய்களும் இன்குபேட்டருக்குள் போயின. புதன்கிழமை 'அஞ்சு நாள்' இரண்டு கண்ணும் சிவந்து வந்து நின்றார்.

"இங்க கிருமிய வளர்த்தா போதும், வீட்ல இருந்து கொண்டு வர வேண்டாம்" என்று பரிசோதனைக்கூடத்துப் பெரிய டாக்டரம்மா அவரைத் திருப்பி அனுப்பினார்.

கண் தெளிந்து அவர் திரும்பியபோது பன்னிரண்டாம் நாள். குழாய்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. அவர் வாய்க்குப் பயந்து யாரும் கிட்டவே போகவில்லை. 'இதைக்கூட எடுத்துப் போட ஆளில்லையா?' என்று முனகிக்கொண்டே அள்ளினார். தொட்டிக்கு மேல் கை போனபிறகுதான் பார்த்தார். மூன்று குழாய்களில் திரவம் கலங்கியிருந்தது; உள்ளே ஏதோ வளர்ந்திருந்தது.

இரண்டு நாள் சோதித்தார். மூன்றிலும் ஒரே கிருமி. அந்தச் சோம்பேறிதான்.

"ஒண்ணுல இருந்தா தோல்ல இருந்து ஒட்டினதுன்னு சொல்லலாம். மூணுலயும் அதுவேன்னா, உள்ள குடித்தனமே நடத்துது" என்றார் டாக்டரம்மா. "போன தடவ எத்தன நாள் வச்சிருந்தீங்க?"

"வழக்கம்போலதான் மேடம்."

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்தார். இன்குபேட்டர் கதவில் 'மூட்டு, எலும்பு: பதினாலு நாள்' என்று எழுதி ஒட்டினார்.

சாயங்காலம் 'அஞ்சு நாள்' அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் மட்டும் கூடத்தில் இருந்தார்.

"அத்தான், கிருமி இருக்கு. மூட்டை மாத்தணும். மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடணும். வலி குறைய வாய்ப்பிருக்கு."

"பெரிய கிருமியா?"

"இல்ல. எல்லார் தோல்லயும் இருக்கறதுதான். மெதுவா வளரும்."

"அப்ப மொதல் தடவையும் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும். நாந்தான் அஞ்சாம் நாளே தூக்கிப் போட்டுட்டேன்."

சட்டையைப் பிடித்து உலுக்குவார் என்று எதிர்பார்த்தார். அத்தான் முகமோ மலர்ந்துபோயிற்று. அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப வலி நெசந்தான். இத உன் அக்காகிட்ட நீயே சொல்லிடு மச்சான். நான் சொன்னா எடுபடாது."

அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. உள்ளே திரும்பிப் போய் மேல்தட்டிலிருந்த டம்ளரை எடுத்துக் கழுவினாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து புருஷனின் இடது கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள்.

தம்பிக்கு அன்று காபி கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.