இவருக்குச் சனிக்கிழமை, ஊருக்கு ஞாயித்துக்கிழமை

எங்க கரையில ஞாயித்துக்கிழமை கடல்ல ஒரு கட்டுமரம்கூட மிதக்கக் கூடாது. சனிக்கிழமை சாயங்கால மணி அடிக்கிறதுக்குள்ள வல்லமெல்லாம் கரையேறிறணும். மறுநா பூசை, செபம், தூக்கம். ஊர்க்கட்டு அது. மீறுனவன் வீட்டுக்குத் தீயும் தண்ணியும் யாரும் குடுக்க மாட்டாங்க. நான் அக்காள்மடத்துலருந்து வாக்கப்பட்டு வந்தப்ப, சுதந்திரம் வந்து கொஞ்ச வருசம் இருக்கும், அந்தக் கட்டப் பத்தி ஒருத்தரும் எதுத்து வாயத் தொறந்ததில்ல. என் வீட்டுக்காரரு தொறந்தாரு.

வல நூல் வாங்க மண்டபம் போன மனுசன் வேதப் புத்தகத்தோட திரும்பி வந்தாரு. சந்தையில ஒரு போதகர் குடுத்தாராம். எங்க ஆளுகளுக்கு அப்ப வேதத்தக் கையில எடுத்துப் பழக்கமில்ல. கோயில்ல சாமியார் சொல்றதுதான் வேதம். இவரு எழுத்துக்கூட்டி வாசிச்சுப்புட்டு, ஓய்வுநாள் ஏழாம் நாளுன்னு போட்டிருக்கு, அது சனிக்கிழமைதான, ஞாயித்துக்கிழமையா மாத்துனது யாருன்னு ஒரே பிடி. சாமியார்கிட்டயே போயிக் கேட்டாரு. அவரும் கோவிச்சுக்கிறாம, ஆண்டவர் உயிர்த்தது ஞாயிறு, அதனால திருச்சபை அந்த நாள வச்சதுன்னு சொல்லி அனுப்புனாரு. இவருக்கு அது பத்தல.

அதுலருந்து வெள்ளிக்கிழமை பொழுது அடஞ்சா, மறுநா பொழுது அடையுற வரைக்கும் துடுப்பையும் தொடமாட்டாரு, வலையையும் தொடமாட்டாரு. என்னையும் அடுப்புப் பத்தவைக்க விடமாட்டாரு. சனிக்கிழமை இவரு பட்டினி, ஞாயித்துக்கிழமை ஊர் போடுற பட்டினி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் புத்தகத்தத் தூக்கிக் கடல்ல வீசியிருப்பேன், மாதாவுக்குப் பயந்து விட்டேன். சனிக்கிழமை வராத ஆள் எதுக்குன்னு சம்மாட்டியும் இவர வல்லத்துலருந்து இறக்கிவிட்டாரு. வல்லமும் அவரோடது, ஊருக்கும் அவர்தான் பெரியவர். வயிறு கேக்குமா? ஒரு ஞாயித்துக்கிழமை ஊரே பூசையில இருக்கையில, இவரு சின்ன மரத்தத் தள்ளிக்கிட்டுத் தனியா கடலுக்குப் போயிட்டாரு. அன்னிக்கே ஊர் எங்கள ஒதுக்கி வச்சிருச்சு.

நான் அப்ப நிறைமாசம். மொத பிள்ள கால் முன்னால வந்து, வெளிய எடுத்தப்ப உசுரில்ல. இந்தப் பிள்ளையும் அப்படித்தான் கிடக்கு, வலி கண்டதும் என்னக் கூப்பிடுன்னு மருத்துவச்சி முன்னாடியே சொல்லியிருந்தா. இப்ப எப்படிக் கூப்பிட?

வலி வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பாவி நாளு, வேற நாளா கிடைக்கல? இவரு ஓடிப்போயி மருத்துவச்சியக் கூப்பிட்டாரு. ஊர் சொல்லாம வர ஏலாதுன்னு அவ அழுதாளாம். சம்மாட்டிகிட்ட ஓடுனாரு. அங்கன வல்லத்தக் கடல்ல இறக்கிக்கிட்டு நின்னாங்க. இப்பவே வல்லத்துக்குத் தோள் குடுத்து ஏறி வா, இந்த நிமிசமே மருத்துவச்சி போவான்னு சம்மாட்டி சொல்லிட்டாரு.

இவரு திரும்பி வந்து வாசல்ல நின்னாரு. கர்த்தர் பாத்துக்குவாருன்னு முணுமுணுத்தாரு. எனக்கு இடுப்பு பிளக்குது. செத்துப்போவேன்னு தெரிஞ்சுபோச்சு. பாயில கிடந்துக்கிட்டே அவரு காலப் பிடிச்சேன்.

"ஓய்வுநாள்ல கெணத்துல விழுந்த மாட்டத் தூக்கலாம்னு நீங்கதான வாசிச்சீங்க? நான் அந்த மாட்டுக்கும் கேடாப் போயிட்டேனா?"

கால உருவிக்கிட்டுப் போயிட்டாரு. எங்க போறாருன்னு எனக்குத் தெரியல. கைவிட்டுட்டாருன்னுதான் நெனச்சேன். சேசுவே, இந்தப் பிள்ளையையாவது விட்டுவையின்னு கத்துனேன்.

கொஞ்ச நேரத்துல மருத்துவச்சி மூச்சிரைக்க ஓடி வந்தா. உம்புருசன் அழுதுக்கிட்டே வல்லத்தத் தள்ளுனாரு தாயின்னா. அதுக்கு மேல பேச நேரமில்ல. கைய விட்டுப் பிள்ளையத் திருப்பி எடுத்தா. பொம்பளப் பிள்ள. வெளிய வந்ததும் வீல்னு கத்துச்சு.

சாயங்கால மணிக்கு முன்னாடி வல்லம் கரையேறுச்சு. இவரு உள்ள வரல. வெளிய நின்னுக்கிட்டே, "ரெண்டு பேரும் இருக்கீகளா?"ன்னு கேட்டாரு. இருக்கோம்னேன். அப்பிடியே மணல்ல உக்காந்துட்டாரு. புத்தகம் அதுக்கப்புறம் பரண்ல ஏறுச்சு. எல்லாரையும்போல சனிக்கிழமை கடலுக்குப் போனாரு, ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்தாரு. மறந்துட்டாருன்னு நானும் நிம்மதியா இருந்தேன்.

மக பள்ளிக்கூடம் போற வயசுல, அந்த வல்லத்துல இவரு கூடத் துடுப்புத் தண்டு வலிக்கிற ஒருத்தரு எங்க வீட்டுக்கு வந்தவரு, பேச்சோட பேச்சா என்கிட்டச் சொன்னாரு. தண்டு வலிக்கையில அம்பா பாட்டுக்கு இவருதான் மொத குரலாம். மத்த நாள்ல இவரு தொண்டை பாம்பன் பாலம் வரைக்கும் கேக்குமாம். சனிக்கிழமை மட்டும் ஏறுனதுலருந்து இறங்குற வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாதாம், பாட்டும் கிடையாதாம். மக பொறந்த அந்த நாளுலருந்தே அப்படித்தானாம்.

கைக்கும் தோளுக்கும் ஓய்வு குடுக்க முடியாத மனுசன் வாய்க்கு மட்டுமாவது குடுத்திருக்காரு. நான் ஒருத்தி, சனிக்கிழமையானா ஏன் பேச மாட்டேங்கிறாரு, தலவலியோன்னு சுக்குத் தட்டிப் போட்டுக் காப்பி குடுத்துக்கிட்டிருந்தேன். அவரும் அத வாங்கிக் குடிச்சாரு.