தங்கப்பொண்ணு படகு ஏறிய கதை

தங்கப்பொண்ணு கொடைக்கானலுக்குப் போன தடவைகளை எண்ணினால் கைவிரலும் காணாது, கால்விரலும் காணாது. ஆனால் அந்த ஏரியில் ஒரு நாளாவது படகு ஏறியிருக்கிறாளா என்றால் இல்லை. சிரிக்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். மதுரைப் பக்கம் வேன் பிடித்துச் சுற்றுலா போகிறவர்களுக்கு ஓட்டல் சாப்பாட்டில் நம்பிக்கை கிடையாது. அடுப்பு, சிலிண்டர், அண்டா, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றி, சமைக்க ஒரு ஆளையும் ஏற்றிக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள். வேன் நின்றதும் கூட்டம் ஏரிக்கு ஓடும். சமைக்கிற ஆள் குரங்கிடமிருந்து அப்பளத்தைக் காப்பாற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும். அந்த ஆள்தான் தங்கப்பொண்ணு.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் பிறந்தவள். பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் களை வெட்டிப் பிழைத்தவர்கள். கட்டிக்கொண்ட மருது சிம்மக்கல்லில் மூட்டை தூக்கினான். தங்கமான மனுஷன், ஆயுசுதான் கெட்டியில்லை. அவன் போன பிறகு வெள்ளைத்துரை என்பவரின் சுற்றுலா வேனில் கரண்டி பிடித்தாள். அந்தக் கரண்டியாலேயே மகள் பவதாரிணியை நர்சுக்குப் படிக்க வைத்து, திருநகரில் கட்டியும் கொடுத்தாள்.

அந்த மகள்தான் ஒருநாள் வந்து கேட்டாள்.

"எம்மா, நானும் அவரும் கொடைக்கானல் போறோம். அங்க என்னென்ன பாக்கலாம்?"

தங்கப்பொண்ணு வாயைத் திறந்தாள். குழாயில் தண்ணீர் எங்கே நன்றாக வரும், எந்த மூலையில் காற்று அடுப்பை அணைக்கும் என்று சொன்னாள். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. மகள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். தங்கப்பொண்ணுக்கோ நெஞ்சு பற்றி எரிந்தது. இம்புட்டு வருஷம் போய் வந்து என்னத்தைக் கண்டோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் வெள்ளைத்துரையிடம், "வேற ஆளப் பாத்துக்கங்கண்ணே, நான் டூர் போறேன்" என்றாள். விஷயம் கேட்டு மகள் பதறிப்போய் வந்தாள்.

"ஒத்தையிலயா? நாலு பேரு என்னம்மா சொல்லுவாக?"

"அந்த நாலு பேரும் எனக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊத்தியிருக்காகளாடி? போடி, வேலையப் பாத்துக்கிட்டு!"

வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதம். விளக்குத்தூண் பக்கம் கடை கடையாக ஏறி, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள். சனிக்கிழமை பஸ் ஏறி, வழியில் யாரோ ஒரு பெண்ணின் வாந்திக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து, மலை உச்சியில் போய் இறங்கினாள்.

அவளுக்குத் தெரிந்த லாட்ஜ் ஒன்றே ஒன்று. வெள்ளைத்துரை கூட்டத்தை இறக்குகிற லாட்ஜ். அதன் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பாத்திரங்களோடு படுத்துப் பழகியவள், இந்தத் தடவை முன்வாசல் வழியாக நுழைந்து, "ஏரி தெரியிற ரூம் ஒண்ணு குடுங்க தம்பி" என்றாள். மேனேஜர் அசோக்குமார் வேலைக்குப் புதிது. அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

"கூட யாரும்மா?"

"யாரும் இல்ல. நான்தேன்."

"தனியா வர்ற லேடீசுக்கு ரூம் கிடையாதும்மா. தப்பா நெனைக்காதீங்க. ஒத்தையா வர்றவங்க ரூமைப் பூட்டிக்கிட்டு ஏதாச்சும் பண்ணிக்கிட்டா எங்களுக்கு போலீசு, கேசு... வீட்டுல ஆம்பளை யாராச்சும் பேசச் சொல்லுங்க."

அடப்பாவி! ஊர் பார்க்க வந்தவளைப் பிணமாக்கிப் பார்க்கிறானே! தங்கப்பொண்ணு பதில் சொல்வதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. வெள்ளைத்துரை இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. பிடித்துவந்த புது ஆளுக்குச் சோறு வடிக்கவே தெரியவில்லையாம்.

"தம்பி, இது நம்ம சமையக்கார அம்மா. என் கணக்குல ரூம் போடு. தங்கப்பொண்ணு, நீ ராத்திரிக்கு மட்டும் அடுப்பப் பாத்துக்க."

அசோக்குமார் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். எம்புட்டு சுலபம்! தலையை ஆட்டினால் போதும். ஆட்டினால் மறுபடி அண்டாவுக்குக் காவல். அவள் ஆட்டவில்லை.

"சமைக்க வந்தவன்னா ரூம் உண்டு, ஊர் பாக்க வந்தவன்னா கெடையாதா? எந்த ஊரு நியாயம் இது? இந்தாய்யா தம்பி, இதப் பாரு!" பையைக் கவிழ்த்து ஸ்வெட்டரை எடுத்து மேஜையில் போட்டாள். விலைச்சீட்டுகூட இன்னும் பிய்க்கவில்லை. "சாகப் போறவ குளிருமேன்னு ஸ்வெட்டர் வாங்குவாளாய்யா? நான் யார் வீட்டு ஆளாவும் வரல. ஊரு சுத்திப் பாக்க வந்தவன்னு எழுதிச் சாவி குடு. இல்லன்னா விடிய விடிய இந்த நாற்காலியிலதான் உக்காந்திருப்பேன்!"

வேனில் வந்த பெண்கள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "குடுங்க சார், என்ன இப்ப?" என்றாள் ஒருத்தி. அசோக்குமாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தான்.

காலையில்தான் கூத்து. ஜன்னலைத் திறந்தால் ஏரி. அதைப் பார்த்து முடிப்பதற்குள் கீழே அடுப்பு உறுமுகிற சத்தம் கேட்டது. பழக்கதோஷம், கால்கள் தானாகப் படியிறங்கின. கொட்டகையில் போய் உட்கார்ந்து வெங்காயத்தை வெட்டத் தொடங்கிவிட்டாள்! பாதி வெங்காயம் ஆனபோது தலைக்கு மேலே வெள்ளைத்துரையின் குரல் கேட்டது.

"அதான பாத்தேன். உனக்கு இருப்புக் கொள்ளாதே!"

தங்கப்பொண்ணுக்குச் சுருக்கென்றது. மிச்சப் பாதியைத் தட்டில் வைத்தாள். கையைக் கழுவினாள். ஸ்வெட்டரின் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு ஏரிக்கு நடந்தாள்.

துடுப்புப் படகில் படகுக்காரரை விட்டால் அவள் ஒருத்தி மட்டும்தான். ஏறும்போது உயிர் போய் உயிர் வந்தது. நடு ஏரிக்குப் போனதும் அண்ணாந்து பார்த்தாள். மேகம் இறங்கி மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. இதையா இம்புட்டு நாள் நம்ம முதுகுக்குப் பின்னாடி வச்சிருந்தாங்க என்று அவளுக்கு அழுகை முட்டியது. படகுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், அழுதாள்.

அப்போது கரையிலிருந்து கத்தல். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத்துரை நின்றார். பின்னால் பசியோடு கூட்டம்.

"தங்கப்பொண்ணு! சாம்பார்ல உப்பு கூடிப்போச்சு! என்ன செய்யிறது?"

உருளைக்கிழங்கை வெட்டிப் போடுங்க என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலெடுத்துக் கத்தினாள்.

"எனக்கென்னண்ணே தெரியும்? நான் டூர் வந்திருக்கேன்!"

பிறகு படகுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு சுத்து விடுங்க. கரையோரமா வேண்டாம், நடுவுலயே போங்க."