முத்துமாரி வீட்டுக்கு நான் போன சாயங்காலம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் ஒரு படம் போட்டார்கள். பெயர் எதற்கு? ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம், யாருக்கும் அடங்காத ஒரு வகுப்பு, புதிதாக வந்து சேரும் ஓர் ஆசிரியர்... நீங்களும் பார்த்து அழுதிருப்பீர்கள்.

"ஏய், உன் படம்!" என்று சந்தோஷமாக ரிமோட்டைக் கீழே வைத்தார் என் வீட்டுக்காரர்.

என் படமா? ஒரு விதத்தில் ஆமாம். ராஜபாளையத்தில் ஒரு தியேட்டரில் அதைப் பார்த்துவிட்டு வந்துதான், ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை விட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். பீரோவில் சும்மா கிடந்த பி.எட். சர்டிபிகேட்டுக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது.

பாதிப் படத்தில் அந்த ஆசிரியர் ஒரு மாணவனின் வீட்டுக் கதவைத் தட்டுவார். அப்பா அம்மாவிடம் பேசுவார். மறுநாளே பையன் தங்கமாக மாறிவிடுவான். அந்தக் காட்சி வந்ததும் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். கொடியில் காய்ந்த துணியை மடித்தேன். காயாத துணியையும் மடித்தேன்.

வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "என்ன ஆச்சு?"

பதினேழு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன்.

என் ஒன்பதாம் வகுப்பில் முத்துமாரி என்று ஒரு பெண். கிருஷ்ணன்கோவிலில் இருந்து பஸ்ஸில் வருவாள். கெட்டிக்காரி. ஆனால் முதல் பீரியடிலேயே தூங்கி விழுவாள். அதட்டிப் பார்த்தேன். நிற்க வைத்துப் பார்த்தேன் – நின்றுகொண்டே தூங்கினாள்! சரி, சினிமாவில் பார்த்தது கைகொடுக்கும் என்று ஒரு சாயங்காலம் பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போனேன். வாசலில் நின்றபடியே, "உங்க பொண்ணு தூங்குறதுக்குத்தான் கிளாஸுக்கு வர்றா. இப்படியே போனா படிச்சு முடிக்கவா போறா?" என்று அவள் அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தது. அவள் தலை குனிந்து நின்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து முத்துமாரி பள்ளிக்கு வரவில்லை.

"மில்லுக்கு அனுப்பிட்டாங்களாம்" என்று ஸ்டாஃப் ரூமில் யாரோ சொன்னார்கள். அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னேன். அம்மா திடமாகத்தான் இருந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்குன்னு யார்கிட்டயாவது விசாரிச்சியா?"

விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் கிடைத்துவிடுமே!

அன்றைக்கே பழைய மாணவி ஒருத்திக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. முத்துமாரி இருப்பது ராஜபாளையத்தில். பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டே பஸ் ஸ்டாப்!

செவ்வாய்க்கிழமை, போன் பண்ணிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் போனேன். தலையில் மாட்டியிருந்த துணித் தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தாள்.

"டீச்சர்! எம்புட்டு நாளாச்சு! உள்ள வாங்க, செத்த உக்காருங்க."

உட்காரத் தோன்றவில்லை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முன்னுரையெல்லாம் மறந்துபோனது. "நான் உங்க வீட்டுக்கு வந்து கத்துனதாலதானே உன் படிப்ப நிறுத்துனாங்க?"

முத்துமாரி விழித்தாள். "யாரு நிறுத்துனா? எங்கய்யாவுக்கு சேத்தூர்ல தோப்புக் காவல் வேலை கெடச்சுது டீச்சர். நீங்க வாரதுக்கு முன்னாடியே முடிவாயிருச்சு. அந்தப் பக்கம் போயி பன்னெண்டாவது முடிச்சேன். அதுக்குப் பொறவுதான் மில்லு, கரஸ்ல டிகிரி எல்லாம்."

இப்போது உட்கார்ந்தேன்.

"அப்போ அன்னைக்கு... ஒண்ணும் ஆகலையா?"

"எங்கய்யா ரெண்டு அடி போட்டாரு. அது நெசந்தான்" என்றாள். "ஒரு வாரம் உங்க மேல கோவமா இருந்தேன். பொறவு புதுப் பள்ளிக்கூடம், புதுப் பிள்ளைக... மறந்துபோச்சு. எங்கம்மாதான் ரொம்ப நாளு சொல்லிக்கிட்டே இருந்துச்சு – அம்புட்டு தூரம் வந்த டீச்சரு காப்பி குடிக்காம போயிட்டாவளேன்னு."

அந்த இரண்டு அடிக்கு மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள். நான் அழுதேன். கேண்டீன் பக்கம் போன பெண்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ ஏன் அப்படித் தூங்குன?" என்று கேட்டேன்.

"காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு பூப்பறிக்கப் போவேன் டீச்சர்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலையே!"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்குக் கீழே முப்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். யாராவது கண் அசந்தால் என்ன செய்வாய் என்றேன். "அவளையே கூப்பிட்டுக் கேப்பேன்" என்றாள். சூப்பர்வைசர் வேலைக்கு நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது யோசித்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தலைகீழாக மாற்ற நினைத்துப் போனேன். பிறகு அதை நாசமாக்கிவிட்டதாக நினைத்துக் குமைந்தேன். இரண்டிலும் எனக்கு எவ்வளவு பெரிய வேஷம்! அவள் கதையில் நான் வந்தது ஒரே ஒரு சீன். அதையும் அவள் ஒரே வாரத்தில் தாண்டிப் போய்விட்டாள். கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது... ஆனால் நெஞ்சு என்னமாய் லேசாகிவிட்டது தெரியுமா?

சாயங்காலம் நானே அந்தப் படத்தைத் தேடிப் போட்டு முழுசாகப் பார்த்தேன். நல்ல படம்தான். முடிந்தபோது வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பசித்தது. இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.