பெரியப்பாவின் டேப்பில் அப்பாவின் குரல்

பெரியப்பாவுக்கு என் அப்பாவைப் பிடிக்காது என்று சொன்னால் அது சரியாகாது. அப்பா போனால் எழுந்து நாற்காலி போடுவார். அப்பாவுக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரியை விட்டு நகராமல் இருந்தவரும் அவர்தான். ஒரே ஒரு டேப்பில், கண் மூடித் திறப்பதற்குள் வந்து போகும் அப்பாவின் குரலை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

பெரியப்பா என் அம்மாவின் அக்கா கணவர். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க" என்று வேலைக்காலம் முழுக்க அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, தானும் அசையாமல் இருக்கப் பழகிப்போனவர். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. அவர் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கேசட்டுகள். எல்லாம் ராக் கச்சேரிகளில் நேரடியாகப் பதிவு செய்தவை. அதிலும் எந்த ராக்காக இருந்தாலும் சரி என்று கிடையாது. ஒரு பாட்டு குறைந்தது அரைமணி நேரம் ஓட வேண்டும். பாடகர் இருந்தாலும் இல்லாத மாதிரி இருக்க வேண்டும். நடுவில் சிந்தசைசர் என்ற மின்வாத்தியம் தனியாகக் கிளம்பி எங்கேயோ போய், திரும்பி வருமா வராதா என்று கேட்பவருக்குக் கவலை வர வேண்டும். பெரியம்மா இவ்வளவையும் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். "ஃபிரிட்ஜுக்கு வலிப்பு வந்த மாதிரி இருக்கு" என்பார்.

கடையில் விற்கிற ரெக்கார்டுகளைப் பெரியப்பா மதிக்க மாட்டார்.

"அது ஸ்டுடியோவுல பவுடர் போட்டுக்கிட்டு எடுத்த போட்டோ. கச்சேரியில பதிவு பண்ணதுதான் எக்ஸ்ரே. எது முறிஞ்சுது, எங்க ஒட்டிச்சு, எல்லாம் தெரியும்."

"எக்ஸ்ரேயை யாராச்சும் சட்டம் போட்டு ஹால்ல மாட்டுவாங்களாண்ணே?" என்று கேட்பார் அப்பா.

அப்பா மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். அவர் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். எங்கள் வீட்டுக்கு ஃபோன் வந்த புதிதில், "உனக்கு எதுக்குப்பா இது, ஜன்னலைத் திறந்து பேசினா போதாதா?" என்று கேட்காத ஆளில்லை.

அந்தக் கச்சேரி நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. பெரியப்பா உயிரையே வைத்திருந்த வெளிநாட்டு நால்வர் குழு ஒன்று, ஏதோ ஊருக்குப் போகிற வழியில் எங்கள் ஊர் உள்விளையாட்டு அரங்கில் ஒரே ஒரு நாள் வாசித்தது. பெரியப்பா கையில் இரண்டு டிக்கெட். இசை தெரிந்த நண்பர் கடைசி நேரத்தில் வரவில்லை. "புதுசா கல்யாணம் ஆன பிள்ளை, சும்மாதானே உக்காந்திருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்று பெரியம்மா அப்பாவைத் தள்ளி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பெரியம்மாவை இன்றுவரை பெரியப்பா மன்னிக்கவில்லை.

உள்ளே ரெக்கார்டர் கொண்டுபோகக் கூடாது. வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பெரியப்பா ரெக்கார்டரை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தார். வாசல்காரர் தலையணையைத் தொட்டுப் பார்க்கப் போனபோது பெரியப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பாதான் அதைப் பிடுங்கித் தன் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மூலம் சார்! அஞ்சு நிமிஷம் உக்கார முடியல!" என்றார். வாசல்காரர் இரண்டடி பின்னால் போனார்.

இதை அப்பா எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லுவார். பெரியப்பா அப்போது கை கழுவப் போய்விடுவார்.

பதிவு செய்கிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. அவன் டேப்பில் இருக்கக் கூடாது. கை தட்டக் கூடாது, செருமக் கூடாது, பிடித்த இடத்தில் "ஆகா" என்று சொல்லிவிடக் கூடாது. தலையணையைப் பிரித்து ரெக்கார்டரை மடியில் வைத்து, சட்டைக் காலருக்குள் மைக்கைச் செருகிக்கொண்டு, கழுத்தைக்கூடத் திருப்பாமல், தன் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான மாலையைப் பெரியப்பா பிணம் மாதிரி உட்கார்ந்து கழித்தார். அப்பா பக்கத்தில், பஞ்சு மட்டும் மிஞ்சிய தலையணை மேல் தூங்கிவிட்டார்.

பாதிக் கச்சேரியில் மற்ற மூவரும் கையை எடுத்துவிட்டார்கள். அலமாரி மாதிரி நின்ற சிந்தசைசர் மட்டும், ஒயர்களைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்த அதன் வாசிப்பாளர் கையில், ஒரே சுருதியில் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அரங்கமே மூச்சுவிடவில்லை. அந்த அமைதியில் அப்பாவுக்கு விழிப்பு வந்தது. முன்வரிசையில் கூடை மாதிரி முடி வைத்த ஒருவர் எழுந்து நின்று, கண்ணை மூடி, காற்றில் நாற்று மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்.

"யோவ், உக்காருய்யா!" என்றார் அப்பா. சந்தைக் குரலில்.

வாசிப்பாளரின் கை நின்றது. அடுத்த நொடி அந்த இயந்திரம் அதையே திரும்பச் சொன்னது. உக் என்று தாழ்வாக, கா என்று மேலே போய் நின்று, ருய்யா என்று சரிந்து. அரங்கம் சிரித்தது. வாசிப்பாளர் அதை இன்னொரு முறை வாசித்தார், கொஞ்சம் வேகமாக. டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. பிறகு கிட்டார். அப்புறம் கச்சேரி முடிகிறவரை அந்த நால்வரும் அப்பாவின் ஏலக் குரலை மடக்கி, நீட்டி, தலைகீழாக்கி வாசித்துத் தீர்த்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அதை அவர்கள் வாசிக்கவில்லை.

ஆக, உலகத்தில் அது இருந்த ஒரே இடம் பெரியப்பாவின் கேசட்.

அவர் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பினார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பதிலுக்குத் தங்கள் கேசட்டுகளை அனுப்பினார்கள். பதிவின் தெளிவைப் பற்றி ஒரு வரி எழுதுவார்கள்; மிச்சமெல்லாம் ஒரே கேள்வி. யார் அந்தக் கத்தின ஆள்? காலப்போக்கில் அந்த வாசிப்புக்கே "உக்கா" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். திருட்டுத்தனமாகப் பதிவு செய்ததால் பெரியப்பாவின் பெயர் எங்கும் கிடையாது.

"அசையாம உக்காந்து முதுகு ஒடிஞ்சது எனக்கு. தூங்கி எந்திரிச்சு ஒரு வார்த்தை கத்தினவனுக்கு உலகமெல்லாம் பேரு. நோகாம நுங்கு தின்னுட்டான் உங்கப்பன்."

"வயித்தெரிச்சலுக்கு எக்ஸ்ரே இருந்தா முதல்ல உங்களைத்தான் நிறுத்தி எடுக்கணும்" என்றார் பெரியம்மா.

போன வருடம் அந்தக் குழுவின் ஒலிப்பொறியாளர் பெரியப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தப் பயணத்தில் அவர்களே எடுத்த டேப்புகள் தண்ணீர் புகுந்து கெட்டுவிட்டன. சின்ன நிறுவனம் ஒன்று அந்தக் கச்சேரியை இசைத்தட்டாகக் கொண்டுவரப் போகிறது. பெரியப்பாவின் பதிவு வேண்டும். அட்டையில் அவர் பெயர் வரும். ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் என்னைக் கூப்பிட்டார். அவ்வளவு பிரகாசமான முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"பேரு முழுசா போடச் சொல்லு. இனிஷியலோட."

ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த இடத்தை மட்டும் துடைத்தார். அப்பாவின் குரல் இருந்த இடத்தில் முனகலை ஒட்டுப் போட்டு, தையல் தெரியாமல் தேய்த்தார். முடிந்ததும் சத்தமாகப் போட்டுக் காட்டினார். எனக்கு ஒட்டு எங்கே என்று தெரியவே இல்லை. பெரியம்மா கரண்டியோடு கதவில் வந்து நின்றார்.

"என்னங்க, தம்பி சத்தத்தைக் காணோம்?"

"எந்தத் தம்பி?"

"இத்தனை வருஷமா சுவருக்கு அந்தப் பக்கம் கேக்கறேன், எனக்குத் தெரியாதா? தம்பி கத்தும், மெஷின் பதில் சொல்லும். இப்ப மெஷின் தானா பேசுது. கூப்பிடாமலே 'என்ன, என்ன'ன்னு வந்து நிக்குது, காது கேக்காத ஆளு மாதிரி."

பெரியப்பா மறுபடி போட்டுக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். சாப்பிட வரவில்லை. மறுநாள் துடைக்காத பதிவையே அனுப்பச் சொன்னார். அந்த நால்வரின் மேல் அவருக்கு இருந்த பக்தி, அப்பாவின் மேல் இருந்த பொறாமையைவிட ஒரு நூல் அளவு பெரியதாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்து வீடியோ அழைப்பு. பொறியாளரோடு அந்தச் சிந்தசைசர் வாசிப்பாளரே வந்திருந்தார். கிழவராகியிருந்தார், முடி இல்லை. பெரியப்பா எழுந்து நின்று கும்பிட்டார். கிழவர் கேட்ட முதல் கேள்வி, அன்றைக்குக் கத்தின மனிதர் இப்போது எங்கே என்பது.

"செத்துட்டார்னு சொல்லு" என்றார் பெரியப்பா, உதட்டை அசைக்காமல்.

"பெரியப்பா! அது எங்கப்பா."

"எல்லாரும் ஒருநாள் போறவங்கதானே. கொஞ்சம் முன்னாடி சொல்றோம், அவ்வளவுதான்."

மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. அப்பா வெளியூர் போயிருப்பதாகச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, வாசலில் செருப்புச் சத்தத்துக்கு முன்னால் குரல் வந்தது.

"என்னண்ணே, ஃபாரின்காரரு வந்துட்டாரா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!"

திரையில் கிழவரின் தலை நிமிர்ந்தது. பக்கத்தில் இருந்த ஏதோ கீபோர்டில் கையை நீட்டி அந்த மெட்டை வாசித்தார்.

"அட! என்னையே சொல்லுது!" என்று அப்பா பெரியப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். தலையணைக் கதையை நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. மூலத்துக்கு ஆங்கிலம் சொல்லும்போது எனக்குக் காது சுட்டது. பெரியப்பா திரையின் ஓரத்தில் பாதிக் காதாகத் தெரிந்தார்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கிழவர் கேட்டார். சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். அதை அந்த ஊர் வாழ்த்து என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாராம். பிறகு தீர்மானமாகச் சொன்னார்: இசைத்தட்டுக்கு அதுதான் பெயர். அட்டையின் முன்பக்கம் தமிழ் எழுத்தில், பெரிதாக, கையால் எழுதியதாக இருக்க வேண்டும். பின்பக்கம் சின்ன எழுத்தில் பதிவு செய்தவர் பெயரும் குரல் கொடுத்தவர் பெயரும்.

பெரியப்பாவின் முகம் ஃபிலிம் கழுவுகிற அறை மாதிரி இருண்டது.

"அண்ணே, என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். உங்களுக்குத்தான் முத்து முத்தா வரும். நீங்களே எழுதிக் குடுங்க" என்றார் அப்பா. அவர் அதை நிஜமான அன்போடுதான் சொன்னார். அதுதான் கொடுமை.

பெரியப்பா பட்டைப் பேனா வாங்கினார். பல தாள்களில் எழுதிப் பார்த்தார். எங்கள் யாருக்கும் காட்டாமல், தானே ஸ்கேன் செய்து அனுப்பினார்.

இசைத்தட்டு வந்த அன்று அப்பா சந்தையிலிருந்து நேராக வந்தார். உறையைப் பிரித்தார். படித்தார். திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்னண்ணே இது? 'உட்காருங்கள்'?"

அழகான எழுத்து. 'ட'வின் மேல் புள்ளி வட்டமாக, நிறைவாக இருந்தது.

"ஆமா."

"நான் எப்பண்ணே 'உட்காருங்கள்'னு சொன்னேன்?"

"எழுத்துல அப்படித்தான் வரும் தம்பி. பேசற மாதிரியே எழுதினா மரியாதையா இருக்காது."

"என் மேல உங்களுக்கு எப்பண்ணே மரியாதை வந்துச்சு? டாக்டர் ரூம் வாசல்ல போர்டு மாட்டின மாதிரி இருக்கு! சந்தையில காட்டினா ஒருத்தன் நம்புவானா, இது நான் சொன்னதுன்னு?"

"உள்ள உன் குரல் இருக்குல்ல? அது போதும்."

பெரியப்பா சிரித்தார். பல் தெரிந்தது.

எங்கள் வீட்டில் இசைத்தட்டு ஓட்டும் பெட்டி கிடையாது. அப்பா அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார். "சரி, போடுங்க. குரலாவது கேட்டுட்டுப் போறேன்."

பெரியப்பா தட்டைத் துடைத்து வைத்து, முள்ளை இறக்கினார். கச்சேரி ஓடியது. ஒவ்வொன்றாக வாத்தியங்கள் ஓய்ந்து, சிந்தசைசர் மட்டும் முனக ஆரம்பித்தது. அப்பா முன்னால் குனிந்தார். பெரியப்பா எழுந்து போய், ஒலிக் குமிழைப் பிடித்து மெல்ல இடது பக்கம் திருப்பினார். பெட்டிக்குள் யாரோ தூரத்தில் எதையோ சொன்ன மாதிரி கேட்டது.

"ஏண்ணே குறைச்சீங்க?"

"பக்கத்து வீட்ல கைக்குழந்தை தூங்குது."

"அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போய் மாசம் ரெண்டாச்சு" என்றார் பெரியம்மா, அடுப்படியிலிருந்து.

பெரியப்பாவின் கை குமிழை விட்டு நகரவில்லை.