ஒரு மீட்டர் நீண்ட கயிறு

என் பழைய குறிப்பேட்டில், 1979 ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘800 மீட்டர், பெண்கள். 2 நிமிடம் 31 விநாடி. போதாது.’

அப்போது மலேசியாவில் கோப்பெங் பக்கம் ஒரு சிறிய கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். திடல் பொறுப்பும் என்னிடம்தான். ரப்பர் மரங்களைச் சாய்த்து எடுத்த நிலம் அது. புல்லில் நாங்கள் போடும் சுண்ணாம்புக் கோடுதான் ஓடுபாதை. மழையில் கோடு கரையும், மறுபடி அளந்து போடுவோம். அளப்பதற்கு ஒரு நைலான் கயிறு. ஈயச் சுரங்கத்து அளவைக்காரரிடம் எஃகு நாடாவை இரவல் வாங்கி, சரியாக ஐம்பது மீட்டருக்கு நானே வெட்டியது. எட்டுக் கயிறு ஒரு சுற்று. இரும்புக் குண்டு எறியும் பையன்கள் இருவர் முனைகளைப் பிடித்து இழுப்பார்கள். “போதும் மச்சான், கயிறு அழுவுதுலா” என்று ஒருவன் கிண்டல் செய்வான். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த 2:31 ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண்ணுடையது. ஆயர் தாவார் பக்கம். விடுமுறையில் அம்மாவோடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவள். 2:28க்குள் வராதவர்களை ஈப்போ போட்டிக்கு அழைத்துப் போவதில்லை என்பது நான் வைத்த விதி. அவளுக்கு அது கடைசி ஆண்டு. மூன்று சனிக்கிழமை ஓடிப் பார்த்தாள், ஒரு முறைகூட உள்ளே வரவில்லை. பெயரை அடித்தேன். அவள் மறுபடி ஒரு சுற்று ஓடப் போனாள்.

போட்டிக்கு முதல் நாள், தொடர் ஓட்டக்காரி ஒருத்திக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் இவளைச் சேர்த்தேன். 800 மீட்டருக்கும் ஆளில்லையே என்று, அரை மனதாக அதிலும் பெயர் கொடுத்தேன்.

ஈப்போவில் சரியாக அளந்து போட்ட ஓடுபாதை. அவள் இரண்டாவதாக வந்தாள். என் கடிகாரத்தில் 2:26. பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற நேரக் கணிப்பாளர் தன்னுடையதைக் காட்டினார். அதே நேரம்.

திங்கட்கிழமை எஃகு நாடாவை மறுபடி இரவல் வாங்கிக் கயிற்றை அளந்தேன். ஐம்பத்தோரு மீட்டர். நனைந்தும் இழுபட்டும் நீண்டிருக்கிறது. சுற்றுக்கு எட்டு மீட்டர் கூடுதல், 800க்குப் பதினாறு. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கும் நான், கயிற்றை மட்டும் திரும்ப அளக்கவே இல்லை.

அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்குத் தெரியும் சார்” என்றாள். “மரத்துக்கு மரம் அடி வச்சு எண்ணிப் பழகின காலு. கோட்டு மேல நடந்து பாத்தேன், அடி கூடுதலா வந்துச்சு.”

“பேரை அடிச்சப்பகூட ஏம்மா சொல்லல?”

“சொன்னா சுருக்கிருவீங்களே சார். அந்த நீளத்துலயே உங்க நேரத்த எடுத்துரலாம்னு பாத்தேன். மூணு விநாடிதான லா.”

நான் போட்ட தப்பான கோட்டின் மேலேயே ஓடி அவள் தன்னை நிரூபிக்கப் பார்த்திருக்கிறாள். இன்றும் யாரையாவது ‘போதாது’ என்று சொல்ல வாயெடுத்தால், முதலில் என் அளவுகோலைத்தான் சந்தேகிக்கிறேன்.

அவள் எந்த நாளில் நடந்து பார்த்தாள் என்று அன்று நான் கேட்கவில்லை. கயிறு எந்த மழையில் நீண்டது, அந்த ஜூன் சனிக்கிழமைக்கு முன்பா பின்பா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அதனால் அந்தப் பக்கத்தை நான் திருத்தவில்லை. ‘போதாது’ பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.