இரவல் பிள்ளைகள்

முதலில் ஞாபகத்துக்கு வருவது சப்பாத்துச் சத்தம்தான். மரப்பலகைத் தரையில் டக் டக் என்று வரிசையாக வரும் சின்னச் சின்னச் சப்பாத்துகள். எங்கள் தீவின் சேன் பியேரில், கரும்புக்கு நடுவே இருந்த அந்த ஆரம்பப் பள்ளியின் நாலாம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெறுங்கால். அவர்கள் வந்து உட்கார்வதே தெரியாது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் வாங்கு நிறைந்திருக்கும். ஆகவே அந்த அறையில் சப்பாத்துச் சத்தம் கேட்டால், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று அர்த்தம். பக்கத்து வகுப்பிலிருந்தும் மேல் வகுப்பிலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகளாக, சட்டை வெளுத்த பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்து, பரீட்சைப் பாடம் நடத்தப்போகும் பயிற்சி ஆசிரியருக்கு இரவல் கொடுப்பார்கள். சொந்தப் பிள்ளைகள் பின்முற்றத்துக்குப் போய்விட வேண்டும். பள்ளியில் கொடுக்கும் ரொட்டியும் பாலும் அன்றைக்கு அவர்களுக்கு அங்கேயே வரும். பாடம் முடிந்ததும் இரவலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதை யாரும் மோசடி என்று சொன்னதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நல்ல தட்டை எடுத்து வைப்பதில்லையா என்பார் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர். தட்டு! எத்தனையோ வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

என்னோடு அதே ஆண்டு பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தவள் என் அக்கா, பெரியம்மாவின் மகள். தீவின் சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு. நான் தீவின் தலைநகரை ஒட்டிய டிராங்கெபாரில் பிறந்து வளர்ந்த நகரத்துப் பையன். அவள் பெல் ஒம்ப்ரில், தோட்டத்துப் பள்ளியில், பயிற்சி இல்லாத தற்காலிக ஆசிரியையாகப் பல காலம் இருந்துவிட்டு வந்தவள். ஆலையில் காலை இழந்த அவளுடைய அப்பா மூலையில் உட்கார்ந்திருந்தார். குடும்பம் அவள் சம்பளத்தில் நடந்தது. தற்காலிகம் என்றால் எந்த மாதமும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சான்றிதழ் கிடைத்துவிட்டால் பிறகு யாராலும் அசைக்க முடியாது. கல்லூரிக்கு வர அவளுக்கு வயது விலக்கு கொடுத்திருந்தார்கள். இன்னொரு தடவை கிடைக்காது. பரீட்சைப் பாடத்தில் ஒருமுறை தோற்றால் மறுமுறை உண்டு. அதிலும் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எங்கள் வீடுகளில் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல்தான். தமிழ் எனக்குக் கோயில் பாட்டிலும் உறவு முறையிலும் மட்டுமே இருந்தது. மிச்சத்தை மீசை நரைத்த பிறகு நானே எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். இப்போது தமிழில் எழுதுகிறேன், ஆனால் கோபம் இன்னும் கிரியோலில்தான் வருகிறது. ஆகையால் இங்கே யாராவது தமிழில் பேசுவதுபோல் நான் எழுதினால், அது என் வாய் வழியாக வந்த தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேன் பியேர் பள்ளியில் அக்காவுக்குப் பயிற்சி. எனக்கு நகரத்தில். அங்கே எல்லோருக்கும் சப்பாத்து இருந்ததால் அந்தச் சோதனையே எனக்கு வரவில்லை. என் பாடம் முதல் வாரத்திலேயே நல்லபடியாக முடிந்தது. மற்றவர்களின் பரீட்சைப் பாடங்களுக்கு நாங்கள் எல்லோரும் போய்ப் பின் வாங்கில் உட்கார்ந்து குறை நிறை சொல்ல வேண்டும் என்பது கல்லூரியின் வழக்கம். அப்படித்தான் அன்று காலை அவளோடு பஸ் ஏறினேன். நடத்துநருக்கு எங்கள் கூட்டத்தை நன்றாகத் தெரியும்.

"ஏறுங்க அரை வாத்தியார்களா! முழு வாத்தியார் ஆனப்புறம் முன் சீட்டு தர்றேன்."

"முழுசா ஆனா நான் ஏன் உன் பஸ்ல ஏறணும்? கார்ல போவேன்," என்றாள் அக்கா.

"போங்க மிஸ், போங்க. மலை ஏறும்போது அந்தக் காரைத் தள்ள என்னைத்தான் கூப்பிடுவீங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவளுக்கு அப்படி ஒரு முகம். யாரும் அவளிடம் வாயைக் கொடுக்காமல் போக மாட்டார்கள். வாங்கிக் கட்டிக்கொள்ளாமலும் போக மாட்டார்கள்.

பள்ளி வாசலில் தலைமை ஆசிரியர் காத்திருந்தார். இரவல் பிள்ளைகள் நடைவழியில் வரிசையாக நின்றிருந்தார்கள், தலையில் எண்ணெய் மின்ன.

"மிஸ், நல்லாத் தயார் பண்ணி வச்சிருக்கேன். கேள்வி எல்லாம் சொல்லிக்கொடுத்தாச்சு."

"இவங்க யாரு சார்? எனக்கு இவங்களைத் தெரியாதே."

"தெரிய வேண்டாம். அவங்களுக்குப் பாடம் தெரியும்."

"அப்போ நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அக்கா உள்ளே போனாள். உள்ளே அவளுடைய சொந்த வகுப்பு, வெறுங்கால்களை வாங்குக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவளே வரச் சொல்லியிருந்தாள்.

பாடம் பூகோளம், நதியும் மழையும். சட்டப்படி நாலாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும். அதற்குக் கீழே பிள்ளைக்குப் புரிகிற மொழி எதுவானாலும் பேசலாம். மூன்றாம் வகுப்பின் கடைசி நாளுக்கும் நாலாம் வகுப்பின் முதல் நாளுக்கும் நடுவே, ஒரு விடுமுறையில், கரும்பு வெட்டுகிறவனின் பிள்ளை இங்கிலாந்துப் பிள்ளையாகிவிடும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். பாடத்துக்கு மதிப்பெண் போட வந்த கல்லூரி விரிவுரையாளர் மேசைக்கு அருகே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வெள்ளைக்காரர் அல்ல. எங்களைப் போலத் தோட்டத்துப் பக்கம் பிறந்தவர், எங்கள் நிறம். லண்டனில் ஓராண்டு இருந்துவிட்டு வந்திருந்தார்.

நதி எங்கே பிறக்கிறது என்று அக்கா ஆங்கிலத்தில் கேட்டாள். படம் வரைந்தாள், வேறு மாதிரி கேட்டாள். பிள்ளைகள் அவள் உதட்டையே பார்த்தார்கள். எங்களுக்குப் பின் வாங்கில் வியர்த்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்: அவள் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், கடைசி வாங்கில் இருந்த ஒரு சிறுமியின் அருகே போய்க் குந்தி உட்கார்ந்தாள். கிரியோலில் கேட்டாள்:

"உங்க அம்மா இன்னைக்கு ஆத்துல துணி துவைச்சாங்கல்ல? அந்தத் தண்ணி நேத்து எங்க இருந்துச்சு?"

அந்தச் சிறுமி யோசித்தாள். கையைத் தூக்கினாள். முன்னாலேயே உட்கார்ந்து கேட்கிறவளுக்குப் பதில் சொல்லவும் கையைத் தூக்க வேண்டும் என்ற ஒழுங்கு அவளுக்கு.

"மலை மேல, மிஸ்."

"முந்தாநாள்?"

"மேகத்துக்குள்ள."

"அதுக்கு முன்னாடி?"

சிறுமி விரலால் வாங்கில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு கண் விரிய, "கடல்ல! மிஸ், அப்போ எங்க அம்மா கடல்லயா துவைக்கிறாங்க?"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருவன் அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொன்னான், ஒருத்தி கிணற்றைச் சொன்னாள். அக்கா ஒவ்வொரு பதிலையும் வாங்கி, அதற்கு ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் சொல்ல வைத்தாள். மேகம், மழை, ஓடை, கடல் நாலும் ஆங்கிலத்தில் கணீரென்று வந்தன. நான் அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன், நானே நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளை நம் கண்முன்னே ஒன்றைப் புரிந்துகொள்வதை அவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

விரிவுரையாளர் எழுந்து நின்றார். பிள்ளைகள் இருக்கும்போதே சொன்னார், அழகான ஆங்கிலத்தில்: ஆசிரியரின் வேலை பிள்ளைகளை மேலே தூக்குவது, நீங்கள் கீழே இறங்கிவிட்டீர்கள். சமையலறைப் பேச்சை வகுப்பறைக்குள் கொண்டுவந்தீர்கள். தோல்வி.

எங்களைக் குறை நிறை சொல்லச் சொன்னார். நான் எழுந்து, பிள்ளைகளுக்குப் பாடம் புரிந்தது என்றேன். புரிவது இங்கே கேள்வி அல்ல என்றார். அப்படியே சொன்னார், வார்த்தை மாறாமல். ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே சர்க்கார் கட்டிய கல்லூரியில், அதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர். உட்கார் என்று அக்கா எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள்.

திரும்பும்போது நடத்துநர், "என்ன மிஸ், இன்னும் அரைதானா?" என்றார்.

"இல்லப்பா, காலாயிட்டேன்," என்றாள். அவர் சிரிக்கவில்லை. வழியெல்லாம் எங்கள் பக்கம் வரவும் இல்லை.

மறு பாடம் மூன்று வாரம் கழித்து. அதே பள்ளி, அதே தலைப்பு. இந்தத் தடவை தலைமை ஆசிரியர் அவளைக் கேட்கவே இல்லை. முன்தினம் அவள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். என் அம்மா சோறு போட்டுக்கொண்டே, "அவனுக்குக் கிளிப்பிள்ளை வேணும்னா கிளிப்பிள்ளையைக் காட்டு. உங்கப்பனுக்குக் கஞ்சி ஊத்தணுமில்ல?" என்றாள். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே, "காட்டுறேன் சித்தி," என்றாள்.

காட்டினாள். சப்பாத்துகள் வந்தன, உட்கார்ந்தன. அவளுடைய பிள்ளைகள் பின்முற்றத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. யாரைக் கேட்டாலும் ஒரே வாக்கியம், ஒரே ராகம். விரிவுரையாளரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அப்போது அவள், அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திராத ஒரு கேள்வியைக் கேட்டாள்: இன்றைக்கு நம் ஆற்றில் ஓடுகிற தண்ணீர் நாளைக்கு எங்கே போகும்? வேண்டுமென்றே கேட்டாளா, பழக்கத்தில் வந்துவிட்டதா, தெரியாது. பின்னால் எத்தனையோ முறை கேட்டேன், பேச்சை மாற்றிவிடுவாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டபோது கை மட்டும் தன்னையறியாமல் மலையிலிருந்து கடல் வரைக்கும் ஓடியது. இரவல் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கையும் எழவில்லை.

திறந்திருந்த சன்னலுக்கு வெளியேயிருந்து குரல் வந்தது. "தாங் லாமேர், மிஸ்! கடலுக்குள்ள!" கடைசி வாங்குச் சிறுமி. எப்போது வந்து நின்றாளோ. ஒரு கையில் பாதி ரொட்டி, இன்னொரு கை நேராக மேலே.

விரிவுரையாளர் துள்ளி எழுந்தார். "ஃபெர்ம் லாஃப்னெத் லா!" என்று கத்தினார். அந்தச் சன்னலைச் சாத்து. கத்தியது கிரியோலில், அவருடைய அம்மா அவரைத் திட்டியிருக்கக்கூடிய அதே கிரியோலில்.

அக்கா அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். மிகப் பணிவாக, மிக நல்ல ஆங்கிலத்தில், "மன்னிக்க வேண்டும் ஐயா, எனக்குப் புரியவில்லை," என்றாள்.

பின் வாங்கில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். யாரோ பொத்த முடியாமல் இருமினார்கள். அவர் காது வரை சிவந்து, அதையே ஆங்கிலத்தில் மறுபடி சொன்னார். அத்தனை சாட்சிகளுக்கு நடுவே அவளைத் தோற்கடிக்க அவருக்கு வழியில்லை.

போன வருஷம் என்னை அந்தக் கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அது பட்டம் கொடுக்கிற பெரிய நிறுவனம். கண்ணாடிக் கட்டடம், குளிர்சாதனம். பிள்ளையை நடுவில் வைத்துக் கற்பிப்பது எப்படி என்று சுவரில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். கிரியோல் பள்ளியிலேயே ஒரு பாடம். அதைச் சொல்லிக்கொடுக்கத் தனிச் சான்றிதழ். யாருக்கு எதைக் கொடுக்காமல் பறித்தோம் என்று மட்டும் எந்தச் சுவரிலும் இல்லை. நான் அக்கா கதையைச் சொன்னேன். "புரியவில்லை" என்று அவள் சொன்ன இடத்தில் கூடம் முழுக்கக் கை தட்டியது. ஒரு பெண் எழுந்து நின்று தட்டினாள். அக்கா ஜெயித்துவிட்டாள் என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நேரமாகிவிட்டது என்று நன்றி சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டார்கள். கதை முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்கள்.

முடியாத மிச்சம் இதுதான். அவர் ஆங்கிலத்தில் சொன்ன பிறகு அக்கா சன்னலுக்குப் போனாள். அதற்கு நாலைந்து எட்டு நடக்க வேண்டியிருந்திருக்கும். அந்தச் சிறுமி ஓடவில்லை. தன் மிஸ் தன்னிடம் வருகிறாள் என்று சிரித்தாள். கை இறங்கவில்லை, கூப்பிடும் வரை இறக்கக்கூடாது என்று கற்றுக்கொடுத்தது அக்காதான். அக்கா சன்னல் கதவின் ஒரு பலகையை இழுத்தாள். மற்றதை இழுத்தாள். கொக்கியை மாட்டினாள். அறை சற்று இருண்டது. திரும்பி வந்து, ஆங்கிலத்தில், சொல்லிக்கொடுத்திருந்த கேள்விகளில் மிச்சமிருந்ததைக் கேட்டாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. சான்றிதழ் கிடைத்தது. பெல் ஒம்ப்ரில் ஓய்வு பெறும் வரைக்கும் அவளை யாராலும் அசைக்க முடியவில்லை. அவளுடைய அப்பா பசியறியாமல் செத்தார்.

வெளியே நின்றவளிடம் மட்டும், நீ சொன்னது சரி என்று யாரும் சொல்லவில்லை.