வலிக்காத கால்

நான் கெட்டிக்கார டாக்டரா என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். பேசத் தெரிந்த டாக்டர் என்று நானே சொல்லிக்கொள்வேன். எண்ணூரில் கிளினிக் வைத்திருப்பவளுக்கு ஸ்டெதஸ்கோப்பைவிட வாய்தான் முக்கியம்.

நெட்டுக்குப்பத்திலிருந்து வரும் மீனவர்கள் என் முன்னால் வாயே திறக்க மாட்டார்கள். கையை நீட்டிவிட்டு மின்விசிறியைப் பார்ப்பார்கள். காய்ச்சலிலிருந்து மலச்சிக்கல்வரை மனைவிதான் சொல்வாள். எனக்கு அதில் குறையில்லை, புருஷன் மறைப்பதை அவள் போட்டு உடைத்துவிடுவாள்.

அப்படித்தான் ஒருத்தி தன் கணவரை இழுத்துக்கொண்டு வந்தாள். சர்க்கரை வியாதிக்காரர். படகு இஞ்சினின் சைலன்சரில் கால் பட்டுப் புண்ணாகியிருக்கிறது. கடல் தண்ணீரே ஆற்றிவிடும் என்று விட்டிருக்கிறார். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அதிசயமாக அவரே வாயைத் திறந்தார்.

"வலியே இல்ல டாக்டரம்மா. வலிக்காத காலுக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கை கிழிந்தாலும் வலை இழுக்கிறவர்களுக்கு வலி தாங்காமல் போனால்தான் நோய். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்று பாடம் நடத்தினால் செவிடன் காதில் ஊதிய சங்குதான். பேச்சை நிறுத்தினேன். எங்கே நிறுத்துவது என்பதும் எனக்குத் தெரியும்.

கண்ணை மூடச் சொன்னேன். மனைவி தொடுவாள், தொட்டதும் சொல்ல வேண்டும் என்றேன். அவள் முழங்காலைத் தொட்டாள். உடனே சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு நான் ஜாடை காட்ட, அவள் பாதத்துக்கு வந்து கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். அவர் கண்ணை மூடியபடி காத்திருந்தார்.

"இன்னா டாக்டரம்மா, இவ சும்மா குந்திகினு கீறா? தொட சொல்லுங்க."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"தொட்டுகினுதான்யா கீறேன்" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். தன் விரலைப் பிடித்திருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"காலு நிக்குமா டாக்டரம்மா?"

இப்போதே கிளம்பினால் நிற்கும் என்றேன். ஆட்டோ பிடிக்க அவர்தான் முதலில் எழுந்தார். அந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பார்த்தபடி வாசல்வரை நடந்தார்.